பல்லக்குக்குப் புது எஞ்சின் போட்ட விஷயம்

ஸ்ரீரங்கம்,
அடையவளைந்தான் வீதி,
பிலவ வருஷம் ஐப்பசி மாதம் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

மகா-ராஜ-ராஜஸ்ரீ மணப்பாறை காத்தமுத்து மச்சான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் மைத்துனனும், ஆவணி மாதத்திலிருந்து சம்பந்தியும், அதே ஆவணி மாதத்திலிருந்து தங்கள் முகத்தில் விழிக்க முடியாதவனுமான பிச்சைமுத்து அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

ரங்கநாதர் கிருபையால் இவ்விடம் நானும் அமிர்தமும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அவ்விடம் தங்கள் தேக சௌக்கியம், வெள்ளையம்மா அக்காவின் மூட்டுவலி, மாப்பிள்ளை மருதையின் வியாபாரம், எங்கள் வள்ளிக்கண்ணு சரியாகச் சாப்பிடுகிறாளா என்பது, இவை எல்லாம் தெரிய ஆசை. தெரிவிக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்ட கார்டு ஒன்றுக்காவது பதில் வந்திருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் போயிருக்காது.

நாளை மறுநாள் விடிந்தால் தீபாவளி. எங்கள் பெண்ணுக்குத் தலைதீபாவளி. அமிர்தம் மாப்பிள்ளைக்கு மயில்கண் வேட்டியும், வள்ளிக்கு அரக்குக் கலரில் சேலையும் எடுத்து, முனையில் மஞ்சள் தடவிச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். அதிரசத்துக்கு மாவு இடித்தாயா என்று கேட்டேன். "யாருக்கு?" என்றாள். பிள்ளைகளை அனுப்புவீர்களா மாட்டீர்களா என்று ஒரு வார்த்தை வராததால், இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. ஆகையால் நடந்த சகலத்துக்கும் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். ஆனாலும் அது எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டதும் அரைகுறையாகப் போய்விடும்.

அது ஆனி மாதம் திண்டுக்கல் ரோட்டில், தங்கள் வில்வண்டியில் ஆரம்பித்தது. நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பாளம் எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் பல்லக்கில் வந்தோம். பல்லக்கு என்பது ஊரார் என் காருக்கு வைத்த பெயர். எந்த ஜமீனிலோ ஓடி ஓய்ந்த திறந்த மோட்டார் அது. காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி வைத்திருக்கிறவனுக்கு அது எதற்கு என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள், தார் ஏற்றத்தான் வாங்கினேன். ஒரு முகூர்த்தத்துக்கு யாரோ கேட்க, நான் கொடுக்க, அதற்கப்புறம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பல்லக்குதான் வரணும் என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் அதன் அழகு இல்லை, நடை. முதல் கியரைப் போட்டு விட்டுவிட்டால், நாயனக்காரர் நாலு அடி வைத்தால் அதுவும் நாலு அடி வைக்கும். அவர் தெருமுனையில் நின்று ஆலாபனையை ஆரம்பித்தால், டுக்கு டுக்கு டுக்கு என்று அதுவும் நின்று கேட்கும். "உங்க வண்டி காலப்பிரமாணம் தப்பாதுங்க, அதைக் கேட்டுத்தான் நான் அடிக்கிறேன்" என்று தவில்காரர் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் ஸ்டீயரிங்கை முழங்கையால் பிடித்துக்கொண்டு நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவேன். அப்பேர்ப்பட்ட வண்டியில் வந்துகொண்டிருந்தபோதுதான், எங்களை எதிர்கொண்டு அழைக்கிறேன் என்று ஊர் எல்லைக்கு வந்த தாங்கள், வில்வண்டியைத் திருப்பி, எங்கள் கூடவே ஓட்டி, பிறகு எங்களைத் தாண்டியும் போய், திரும்பிப் பார்த்து, "என்ன பிச்சமுத்து, கயிறு போடட்டுமா? மாட்டைக் கட்டி இழுத்துடலாம்" என்றீர்கள். தாங்கள் விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். வண்டியில் இருந்த எங்கள் வீட்டு ஜனங்களே சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று இலையில் விழுந்த பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன், மச்சான்.

மறுநாளே பாலக்கரை பஷீர் அகமதுவின் பட்டறைக்குப் போனேன். பஷீரைத் தங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் தாங்கள் சட்டையைப் பிடித்தது அவரைத்தான். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர். பல்லக்கைச் சுற்றி வந்து, பானட்டைத் தட்டி, "அண்ணே, பாடி ராஜா பாடி. எஞ்சின்தான் கிழவன். கிழவனைத் தூக்கிட்டு வாலிபனை வெப்போம், இன்ஷா அல்லா, அப்புறம் பாருங்க" என்றார். எனக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது. துவாக்குடி பக்கம் லாரி ஒன்று பின்னால் இடித்து நசுக்கிய புது மாடல் வண்டி ஒன்று கிடந்தது. பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் கீறல்கூட இல்லை. அதன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே கழற்றிக்கொண்டு வந்தோம். வீட்டில் சொன்னபோது வள்ளிக்கண்ணு ஒருத்திதான் குறுக்கே பேசினாள். "வேணாம்ப்பா. மாப்பிள்ளையை ஊரே பாக்கணும்னுதானே வண்டில வெச்சு அழைச்சிட்டு வர்றாங்க? வேகமாப் போனா யாரு பாப்பாங்க?" என்றாள். "மோட்டாரைப் பத்தி உனக்கென்ன தெரியும், போய்க் காப்பி போடு" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் காப்பியை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

பழைய எஞ்சின் பட்டறை மூலையில் கிடந்தபோது தாங்கள் மாட்டுக்கு லாடம் வாங்க டவுனுக்கு வந்தீர்கள். "இது சும்மாவா கெடக்குது? நம்ம கிணத்துல தண்ணி எறைக்க ஆகுமே" என்று கேட்டீர்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? சீர்வரிசையோடு அதுவும் சீராகப் போயிற்று. பல்லக்கைத் தாண்டிப் போன அதே மாடுகள்தான் அதன் எஞ்சினையும் இழுத்துக்கொண்டு போயின. போகட்டும். இன்றைக்கு உங்கள் சோளத்துக்குத் தண்ணீர் பாய்கிறது, நன்றாக இருக்கட்டும்.

இங்கே புது எஞ்சினை உள்ளே இறக்கினால் அதன் ஃபேன் பழைய ரேடியேட்டரில் இடித்தது. நானும் பஷீரும் அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர், "ஃபேனைக் கழட்டிடுவோம்ணே. வண்டி ஓடுறப்ப காத்து தானா வந்து அடிக்கும். நிக்கிற வண்டிக்குத்தான் ஃபேன் வேணும். நம்ம வண்டி இனிமே எங்கே நிக்கப் போவுது?" என்றார். நானும் "அதானே" என்றேன். இருவருமாகச் சிரித்துக்கொண்டு டீ குடித்தோம். மாப்பிள்ளை அழைப்பு வண்டிக்கு உத்தியோகமே நிற்பதுதான் என்பது, வருஷக்கணக்கில் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட எனக்கு அந்த டீ முடிகிறவரை தோன்றவில்லை, அதற்குப் பிறகும் தோன்றவில்லை. தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரை ஓட்டிப் பார்த்தோம். பறந்தது, மச்சான். பஸ்ஸைத் தாண்டினேன். அந்த பஸ்ஸில் தாங்கள் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

இன்னொரு விஷயம் கியர். பழையதில் முன்னால் போக மூன்று, இதில் நாலு. பழையதில் குச்சியை இடப்பக்கம் இழுத்து மேலே தள்ளினால் வண்டி பின்னால் போகும். இதில் அதே இடத்தில்தான் ஒண்ணாம் கியர் இருக்கிறது, முன்னால் பாயும். பின்னால் போவதற்கு வேறு எங்கோ ஒரு மூலை. பஷீர் எனக்காக டாஷ்போர்டில் சாக்பீஸால் படம் வரைந்து கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பன்று அமிர்தம் வண்டியைப் பளபளவென்று துடைத்து, படம் இருந்த இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். "பொண்ணைப் பெத்தவன் முன்னால நடந்து வரணும்டா, டிரைவர் மாதிரி உக்காரக் கூடாது" என்று அக்காகூடச் சொன்னாள். என் பெண்ணுக்கு மாப்பிள்ளையை நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று ஏறி உட்கார்ந்தேன். பஷீர் பந்தியில் உட்காரப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்தது தாங்கள் அறியாதது அல்ல, ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருந்தவன் பட்ட பாட்டையும் ஒருதரம் கேளுங்கள். அம்மா மண்டபம் ரோட்டுப் பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளை கிரீம் கலர் கோட்டோடு ஏறினார், கூடவே தெருவிலிருந்த வாண்டுகள் அத்தனையும் ஏறின. கியரைப் போட்டேன். பல்லக்கு நடக்க மாட்டேன் என்றது. அதற்கு ஓடத்தான் தெரியும். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்து மிதித்துப் பிடித்தால் உறுமுகிறது, விட்டால் பாய்கிறது, ரெண்டுங்கெட்டானாக வைத்தால் நின்றே போகிறது. நாயனக்காரர் கல்யாணியை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் வண்டி உறுமவும் விறுவிறுவென்று அதை முடித்துக்கொண்டு ஒதுங்கினார். தோடியை எடுத்தார், அதையும் பாதியில் விட்டு ஒதுங்கினார். மொட்டைக் கோபுரம் தாண்டுவதற்குள் அவரிடம் ராகமே தீர்ந்துபோய்விட்டது. காஸ்லைட் தூக்கியவர்கள் முன்னால் ஓட, தவில்காரர் பின்னால் ஓட, ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஓடுகிறவர்களைப் பார்த்தார்கள். எங்கேயோ கருகுகிற வாடை வந்தது. சமையல்காரன் சாம்பாரை அடிப்பிடிக்க விட்டுவிட்டான் என்று அங்கிருந்தே அவனைத் திட்டினேன். அவன் மேல் தப்பில்லை. கருகினது கிளட்ச்.

கல்யாண வீட்டு வாசலில் நின்றதுதான் தாமதம், ரேடியேட்டர் குமுறிக்கொண்டு ஆவி விட ஆரம்பித்தது. மூடியைத் துணி வைத்துத் திறந்துவிட்டு, "யாராச்சும் தண்ணி கொண்டாங்களேன்!" என்று கத்தினேன். பக்கத்தில் ஆலத்தியோடு நின்றுகொண்டிருந்த ராக்கம்மா, எங்கள் ஒன்றுவிட்ட சித்தி, பதற்றத்தில் கையில் இருந்த செம்பையே நீட்டினாள். நானும் பதற்றத்தில் பார்க்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீர் மாப்பிள்ளைக்குச் சுற்ற வேண்டியது, மடமடவென்று எஞ்சினுக்குள் போயிற்று. ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள், ஆள் உயரத்துக்கு! கோட்டு, மாலை, தங்கள் முகம், அக்காவின் பட்டுச்சேலை, ஒன்று பாக்கியில்லை. "ஐயையோ, ரத்தம்!" என்று அக்கா அலறினாள். ரத்தம் இல்லை, ஆலத்திதான் என்று நான் சொன்ன பிறகு இன்னும் அதிகமாக அலறினாள். "ஆலத்தி கொதிச்சு எம்புள்ளை மேலயே திரும்பிடுச்சே! இது எங்கேயாவது நடக்குமா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் நிலைமையைச் சமாளிக்கத்தான் பார்த்தேன், மச்சான், ரங்கநாதர் சாட்சி. "ஒண்ணுமில்லக்கா, வண்டியைப் பின்னால எடுத்துடறேன், எல்லாம் சரியாயிடும்" என்று ஏறி உட்கார்ந்து, காலங்காலமாகப் பழகின கை, இடப்பக்கம் இழுத்து மேலே தள்ளினேன்.

தாங்கள் அப்போது வண்டிக்கு நேர் முன்னால் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் போகவேண்டிய வண்டி முன்னால் பாய்ந்ததும், தாங்கள் பானட்டின் மேல் உட்கார்ந்ததும், இரண்டு வாழைமரமும் சாய்ந்ததும், பந்தலுக்குள் காய்கறி மூட்டையில் போய் முட்டி நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. தாங்கள் சத்தம் போடாமல், என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடியே உட்கார்ந்து வந்தீர்கள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பானட் கொதித்துக்கொண்டிருந்தது என்பதும், மறுநாள் முகூர்த்தம் முழுக்கத் தாங்கள் நின்றுகொண்டேதான் இருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தாரை வார்க்கும்போதுகூட நின்றீர்கள். "சம்பந்திக்கு என்ன மரியாதை பாரு" என்று விஷயம் தெரியாதவர்கள் மெச்சினார்கள்.

தாலி கட்டி முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, "அந்த வண்டி உன் வீட்டுல இருக்குற வரைக்கும் எம்புள்ளையும் மருமகளும் உன் வாசப்படி மிதிக்க மாட்டாங்க" என்றாள். தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. வள்ளி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

இதெல்லாம் பழசு. தங்களுக்குக் கோபம் தணிகிறபோது தணியட்டும் என்று நானும் சும்மாதான் இருந்தேன். போன வாரம் உங்கள் ஊர் முறுக்குக்காரச் சந்திரம்மா மார்க்கெட்டுக்கு வந்தபோது, "எங்க பொண்ணைப் பாத்தியா?" என்று கேட்டேன். "பாக்காம என்னங்க? நல்லாத்தான் இருக்கு. ஓடியாடி வேலை செய்யுது. மாமியா மெச்சிக்கிது. சாயந்தரம் கெணத்துல மோட்டாரு போட்டா மட்டும் அங்கன போய் உக்காந்துக்குது. இருட்டப்போவுதே, ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்னு கேட்டேன். 'எங்கப்பா வண்டிச் சத்தம் கேக்குதுல்ல'ன்னுச்சுங்க" என்றாள்.

மச்சான், எனக்கு அதற்கு மேல் வியாபாரம் ஓடவில்லை. ஆட்களுக்கு முன்னால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். நான் மண்டியிலிருந்து வரும்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து எனக்குத் தட்டு வைக்கிற பெண் அவள். கைக்குழந்தையாக இருந்தபோது அந்த எஞ்சின் சத்தத்தில்தான் தூங்குவாள். அதைத்தான் நான் வேகம் போதாது என்று பிடுங்கிப் போட்டேன். இப்போது எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை, வீட்டில் அவளும் இல்லை, இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஒரு மாட்டுவண்டி தாண்டினால் தாண்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். எஞ்சினை நான் திருப்பிக் கேட்கவில்லை, அது அங்கேயே ஓடட்டும், அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பெண்ணை மட்டும் மாப்பிள்ளையோடு தீபாவளிக்கு அனுப்பி வையுங்கள். வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்.

பல்லக்கைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். சாவி அமிர்தத்தின் அஞ்சறைப் பெட்டியில், சீரகத்துக்கு அடியில் இருக்கிறது. இனிமேல் என் உயிர் உள்ளவரை அந்த வண்டியில் ஏறுவதில்லை, அதன் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்று தாயார் சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பிள்ளைகள் பஸ்ஸிலேயே வரட்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் குடையோடு காத்திருப்பேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை அரைத்துப் போடச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் வள்ளிக்கும் எங்கள் ஆசீர்வாதம், கோட்டில் கறை போயிற்றா என்று கேட்டதாகச் சொல்லவும். தங்கள் மாடுகள் சௌக்கியமாக இருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
வா. பிச்சைமுத்து.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான், இன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் எடுக்க மாட்டார்கள் என்று அமிர்தம் சொன்னாள். நாளைக்குப் போட்டால் தீபாவளி கழிந்துதான் தங்கள் கைக்கு வரும். பஸ்ஸிலோ தொங்கக்கூட இடமில்லை. அதனால் கடிதத்தைப் பஷீர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன், இப்போது தங்கள் எதிரே நிற்கிறவர் அவர்தான், தயவுசெய்து சட்டையைப் பிடிக்க வேண்டாம். ஒட்டின கடிதத்தைப் பிரித்து இந்த நாலு வரியைப் பென்சிலால் எழுதுவது தங்கள் வீட்டு வாசலில், பல்லக்கில் உட்கார்ந்தபடி. மேலே எழுதின சத்தியம் எழுதினபடியே இருக்கட்டும், அடித்தால் அசிங்கமாகத் தெரியும், தாயாரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். அந்த வண்டி என் வீட்டில் இருக்கும்வரை என்றுதானே அக்கா சொன்னாள்? இப்போது அது என் வீட்டில் இல்லை, உங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. இறங்கி வந்து தங்கள் காலில் விழவேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் பெடலிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும், நின்றால் ஊரே சேர்ந்து தள்ளினால்தான் கிளம்பும். கிணற்றிலிருந்து டுக்கு டுக்கு என்று இங்கேவரை கேட்கிறது. அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், அப்பா வந்திருக்கிறேன் என்று யாராவது போய்ச் சொல்லுங்கள். கிளம்பும்போது ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும், வெறும் தண்ணீர். சீக்கிரம், ஆவி வர ஆரம்பித்துவிட்டது. தாங்கள் வெளியே வந்தால் மட்டும், மச்சான், பக்கவாட்டில் வாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.